கேம் ஒரு முறை, டிவி ஒரு முறை: எச்டிஆர் படம் கெடும் இடம்

புதிய டிவியில் கன்சோலை இணைத்து எச்டிஆரை (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சை விரித்துக் காட்டும் முறை) ஆன் செய்ததும் படம் பளிச்சென்று மாறும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பல வீடுகளில் நடப்பது நேர்மாறு. கறுப்பு சாம்பலாகிறது, முகங்கள் இருண்டு போகின்றன, சூரியனைச் சுற்றியுள்ள மேகம் ஒரே வெள்ளைத் திட்டாகிறது. பேனலே சரியில்லை என்று முடிவுகட்டி எச்டிஆரை அணைத்துவிடுபவர்கள் ஏராளம். பெரும்பாலும் பேனல் நன்றாகவே இருக்கும். ஒளியைச் சுருக்கும் ஒரே வேலையை கேமும் செய்திருக்கும், டிவியும் செய்திருக்கும். கேமுக்கான எச்டிஆர் கேலிப்ரேஷன், அதாவது திரைக்கேற்ப அளவைச் சரிசெய்வது, என்பது பெரும்பகுதி இந்த இரட்டை வேலையை நிறுத்துவதுதான்.

எச்டிஆருக்கு முந்தைய சாதாரண எஸ்டிஆர் சிக்னலில் வெள்ளைக்கு இத்தனை நிட் (திரை ஒளியின் அலகு) என்ற கட்டாயம் இல்லை. திரை எவ்வளவு வெளிச்சம் தருகிறதோ அதுவே வெள்ளை. எச்டிஆரின் பொது வடிவமான எச்டிஆர்10 அப்படியல்ல. 2014-இல் திரைப்பட, தொலைக்காட்சித் துறைக்குத் தரநிலை வகுக்கும் எஸ்எம்பிடிஇ அமைப்பு எஸ்டி 2084 என்று தரப்படுத்திய பிக்யூ வளைவுதான் அதன் அடிப்படை. அதில் சிக்னலின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு திட்டவட்டமான ஒளியளவு உண்டு. உச்சம் 10,000 நிட். 10 பிட்டில் கிடைக்கும் 1,024 படிகளில் ஏறத்தாழ பாதி, 0 முதல் 100 நிட் வரையிலான பகுதிக்கே போய்விடுகிறது. நம் கண் இருட்டில்தான் நுணுக்கமான வேறுபாடுகளைப் பிடிக்கும் என்பதால் அப்படி வகுத்தார்கள். முக்கால் தூரம் ஏறும்போது 1,000 நிட் வருகிறது. அதற்கு மேல் மிஞ்சும் கால்பங்கு முழுக்க 1,000 முதல் 10,000 வரைக்கு.

வீட்டில் இருக்கும் திரைகளில் பெரும்பாலானவை 400 முதல் 2,000 நிட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் வரும் சிக்னலை என்ன செய்வது? ஒன்று, உச்சத்தோடு வெட்டிவிடலாம். வெட்டினால் அந்த உச்சத்துக்கு மேலிருக்கும் எல்லாமே ஒரே வெள்ளையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். இல்லையென்றால் உச்சத்துக்குச் சற்றுக் கீழிருந்தே வளைவை மெல்ல வளைத்து, மேலே இருப்பதையெல்லாம் உள்ளே அடக்கலாம். அது டோன் மேப்பிங்.

திரைப்படம் முன்கூட்டியே 1,000 நிட்டுக்கோ 4,000 நிட்டுக்கோ முடித்துக் கொடுக்கப்பட்ட பொருள். அதைத் தன் திரைக்கு ஏற்றபடி சுருக்குவதைத் தவிர டிவிக்கு வேறு வழியில்லை. கேம் ஒவ்வொரு ஃபிரேமையும் அந்த நொடியில் உருவாக்குகிறது. திரையின் உச்சம் 800 நிட் என்று தெரிந்தால், மேகத்தின் நெளிவு, தீப்பொறியின் நடு, ஈரத் தரையில் விழும் விளக்கின் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் அந்த 800-க்குள் தானே அழகாக அடுக்கிக் கொடுத்துவிடும். டிவி அதைத் தொடாமல் அப்படியே காட்டினால் போதும். ஹெச்ஜிஐஜி என்ற பெயரை டிவி மெனுவில் பார்த்திருப்பீர்கள். சோனி, மைக்ரோசாஃப்ட், டிவி தயாரிப்பாளர்கள் எல்லாம் சேர்ந்த எச்டிஆர் கேமிங் இன்ட்ரஸ்ட் குரூப் சொல்வது இதுதான்: உச்சம் எவ்வளவு என்று கேமுக்குத் தெரியட்டும், டிவி கையை வைக்காமல் இருக்கட்டும்.

இரண்டு பேரும் கையை வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். திரையின் உச்சம் 800 நிட். கேமில் 800 என்றே சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள். டிவியோ, வருவது 4,000 நிட் படம் என்று எண்ணிக்கொண்டு இடம் ஒதுக்குகிறது. 4,000-ஐத் தன் 800-இல் காட்ட வேண்டும் என்பதால், 800 நிட்டாக வரும் சிக்னலை அதைவிட வெகுவாகக் கீழே இறக்கித்தான் காட்டும். அந்த 4,000 வரப்போவதே இல்லை. அதற்கு ஒதுக்கிய இடம் கடைசிவரை காலியாகக் கிடக்க, சூரியன் மங்கலாகத் தெரியும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கேமில் உச்சத்தை 4,000 அல்லது 10,000 என்று விட்டுவைத்து, டிவியை ஹெச்ஜிஐஜியில் வைத்தால், 800-க்கு மேலிருக்கும் அத்தனையும் வெட்டுப்படும். மேகம் வெள்ளைத் திட்டாவது இப்படித்தான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் டிவி, அடுத்து கன்சோல் அல்லது விண்டோஸ், கடைசியில் கேம். வரிசையை மாற்றினால் முதலில் செய்தது வீணாகிவிடும். டோன் மேப்பிங் முறையை மாற்றிய மறுகணமே கன்சோலில் முன்பு செய்த கேலிப்ரேஷன் பொய்யாகிவிடுகிறது.

டிவியில்

கேபிள் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு முழு அலைவரிசை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் இது போர்ட் வாரியாகத் தனி அமைப்பு. ஒரு நிறுவனம் டீப் கலர் என்கிறது, இன்னொன்று என்ஹான்ஸ்டு ஃபார்மேட் என்கிறது. இது அணைந்திருந்தால் எச்டிஆரே வராது, அல்லது 4கே 60-இல் வராது.

பிறகு கேம் மோடுக்குப் போங்கள். தாமதம் குறைவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. படத்தைத் தன்னிஷ்டப்படி மெருகேற்றும் வேலைகளில் பலவும் இங்கே தானாக நின்றுவிடும், ஹெச்ஜிஐஜி தேர்வும் பெரும்பாலும் இங்கேதான் தென்படும். டைனமிக் கான்ட்ராஸ்ட், பிளாக் ஈக்வலைசர், மின்சேமிப்பு, அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மாறும் சென்சார், இவை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சென்சார் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்த கேலிப்ரேஷன், அறை விளக்கை அணைத்ததும் செல்லாது. நிறச்சூட்டை வார்ம் பக்கம் வையுங்கள். 6,500 கெல்வினுக்கு அருகில் வரும் வெள்ளை அங்கேதான் இருக்கிறது. நீலம் கலந்த வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு முதல் நாள் மஞ்சளாகத்தான் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். எல்சிடி டிவி என்றால், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங்கை உச்சத்தில் வைத்துத் தொடங்குங்கள். அது அணைந்திருந்தால் கறுப்பு சாம்பலாவதை வேறு எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது.

டோன் மேப்பிங் தேர்வில் ஹெச்ஜிஐஜி இருந்தால் அதுவே. காட்சிக்குக் காட்சி டிவியே வளைவை மாற்றும் டைனமிக் டோன் மேப்பிங், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரகாசமாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிரகாசம் நடுத்தர ஒளியை ஏற்றிவிட்டுக் கிடைப்பது. குகையிலிருந்து வெளியே வரும்போது கண் கூச வேண்டும் என்று நினைத்து ஒளியமைத்தவரின் உழைப்பு அதில் கரைந்துபோகிறது. பட்டப்பகலில் ஜன்னல் திறந்த அறையில் விளையாடுபவருக்கு அது தேவைப்படலாம். இருட்டறையில் வேண்டாம்.

ஹெச்ஜிஐஜி இல்லாத டிவியில் டைனமிக் முறையை அணைத்து, நிலையான டோன் மேப்பிங்கில் விடுங்கள். அப்போது கன்சோல் கேலிப்ரேஷனில் வரும் சோதனைச் சின்னம் திரையின் நிஜ உச்சத்தில் மறையாமல், டிவியின் வளைவு எங்கே முடிகிறதோ அங்கேதான் மறையும். பரவாயில்லை, மறையும் இடத்தையே எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். கேமில் எண்ணாகக் கேட்டால் 1,000-இல் தொடங்கிப் பாருங்கள்.

கறுப்பு அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. எச்டிஎம்ஐயில் ஆர்ஜிபி சிக்னல் ஃபுல், லிமிடெட் என்று இரண்டு விதமாக வரும். 8 பிட் கணக்கில் ஃபுல் என்றால் கறுப்பு 0, வெள்ளை 255. லிமிடெட் என்றால் 16-உம் 235-உம். கன்சோல் லிமிடெட் அனுப்ப, டிவி அதை ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் 16 என்பது கறுப்பாக இல்லாமல் அடர் சாம்பலாகத் தெரியும். மாறி அமைந்தால் 16-க்குக் கீழே உள்ள நிழல் விவரமெல்லாம் ஒரே இருட்டாகிவிடும். இரண்டு பக்கமும் ஆட்டோ என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். ஆட்டோ தடுமாறினால் இரண்டு பக்கமும் ஒரே பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். கேமில் கறுப்பின் அளவை மாற்றும் பிளாக் பாயின்ட் ஸ்லைடரை எப்படி நகர்த்தியும் கறுப்பு கறுப்பாகவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கன்சோலில்

பிஎஸ்5-இல் அமைப்புகள், திரை மற்றும் வீடியோ, வீடியோ அவுட்புட் என்று போனால் எச்டிஆரைச் சரிசெய்யும் தேர்வு இருக்கும். மூன்று திரைகள் வரும். முதல் இரண்டும் உச்ச ஒளிக்கு, மூன்றாவது கறுப்புக்கு. எண் எதுவும் காட்டாது, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு படி ஏறும். சின்னம் அரைகுறையாகத் தெரியும் அளவில் நிறுத்தச் சொல்கிறது திரை. அரைகுறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் சின்னம் முற்றிலும் மறையும்வரை போய், மறைந்த முதல் படியிலேயே நிறுத்துவது நல்லது. சந்தேகமாக இருந்தால் ஒரு படி பின்னால் வந்து, சின்னம் மீண்டும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

டிவியின் டோன் மேப்பிங் சரியாக அமைந்திருக்கிறதா என்பதற்கான சோதனையும் இந்தத் திரையிலேயே இருக்கிறது. ஹெச்ஜிஐஜியில் சின்னம் ஒரு குறிப்பிட்ட படியில் சட்டென்று மறையும். டைனமிக் முறையில் நீங்கள் ஏற்ற ஏற்ற அது மங்குமே தவிர மறையாது. டிவி மேலே மேலே இடம் ஒதுக்கிக்கொண்டே போவதுதான் காரணம். அழுத்திக்கொண்டே இருந்தும் சின்னம் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு டிவி மெனுவுக்குத் திரும்புங்கள். அப்படியே கடைசிவரை ஏற்றிவிட்டுச் சரி என்று அழுத்தியதால்தான் எத்தனையோ பேர் ஆயிரக்கணக்கான நிட் திரை வைத்திருப்பதாக கேம்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது திரையில் பலரும் குழம்புகிறார்கள். ஓலெட் பேனல் ஒரு சின்னப் பரப்பில் 800 நிட் கொடுத்தாலும், திரை முழுக்க வெள்ளை என்றால் 150 நிட் அளவுக்கு இறங்கிவிடும். ஏபிஎல் என்ற மின்காப்பு ஏற்பாட்டின் வேலை அது. அதனால் முழுத்திரைக்கான உச்சத்தை வெகுவாகக் குறைக்க வேண்டுமோ என்ற ஐயம் வரும். பெரும்பாலான ஓலெட் திரைகளில் ஏபிஎல் மொத்தப் படத்தையும் சேர்த்து மங்கச் செய்கிறது. சிக்னல் வெட்டுப்படும் இடம் அதனால் நகர்வதில்லை. ஆகவே முதல் திரையில் எத்தனை படி ஏறினீர்களோ அதையே இரண்டாவதிலும் வைப்பது பாதுகாப்பான வழி. மூன்றாவது திரையில் ஓலெட்டுக்கு ஆகக் குறைந்த படி. எல்சிடியில் சின்னம் மறையும் படி. இங்கே ஒன்றிரண்டு படி கூடினாலும் இருட்டான காட்சிகள் முழுக்க மெல்லிய புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும்.

சோனியின் சில பிராவியா டிவிகளை பிஎஸ்5 தானே அடையாளம் கண்டு இந்த மதிப்புகளை நிரப்பிக்கொள்ளும். எக்ஸ்பாக்ஸில் பொது அமைப்புகளுக்குள் டிவி மற்றும் திரைத் தேர்வுகளில் கேம்களுக்கான எச்டிஆர் கேலிப்ரேஷன் இருக்கிறது. தத்துவம் அதேதான், கட்டம் மறையும்வரை நகர்த்த வேண்டும்.

விண்டோஸில்

கணினியில் வேலை கொஞ்சம் கூடுதல். மானிட்டரின் சொந்த மெனுவிலிருந்து தொடங்க வேண்டும். பல ஓலெட் மானிட்டர்களில் இரண்டு எச்டிஆர் முறைகள் இருக்கும். ஒன்று ட்ரூ பிளாக் 400 (உச்சம் சுமார் 400 நிட்), மற்றொன்று 1,000 நிட் உச்சம் கொண்டது. 1,000 பெரிய எண் என்பதால் அதையே எல்லோரும் எடுக்கிறார்கள். அந்த 1,000 மிகச் சிறிய பரப்புக்கு மட்டும்தான். பனி மூடிய மலை, வெயில் பாலைவனம் போன்ற காட்சிகளில் சில மானிட்டர்கள் அந்த முறையில் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகின்றன. இரவும் குகையுமாக நகரும் கேமுக்கு 1,000, பகல்வெளியிலேயே ஓடும் கேமுக்கு 400 என்று பிரித்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் தனியாக ஒரு புரொஃபைல் (திரையின் அளவுகளை விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு) கட்டாயம் வேண்டும்.

அந்தப் புரொஃபைலை உருவாக்க, 2022-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்காக வெளியிட்ட விண்டோஸ் எச்டிஆர் கேலிப்ரேஷன் செயலி போதும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்தி எச்டிஆரை ஆன் செய்துவிட்டு, செயலியை முழுத்திரையில் திறங்கள். குறைந்தபட்ச ஒளி, உச்ச ஒளி, முழுத்திரை உச்ச ஒளி என்று கட்டங்கள் கொண்ட மூன்று சோதனைப் படங்கள் வரும். இங்கே நிட் கணக்கு எண்ணாகவே தெரியும் என்பது பெரிய வசதி. மானிட்டரின் உச்சம் 450 என்று தெரிந்திருந்து, கட்டம் 1,500-இல்தான் மறைகிறது என்றால், மானிட்டர் தானும் டோன் மேப்பிங் செய்கிறது என்று அர்த்தம். கடைசியில் நிறச்செறிவுக்கு ஒரு ஸ்லைடர் வரும். அதை 0-இலேயே விடுங்கள். அங்கே ஏற்றினால் எல்லா கேமிலும் தோல் நிறம் ஆரஞ்சாகும், பிறகு காரணம் தேடி கேம் மெனுவுக்குள் அலைய வேண்டியிருக்கும். சேமிக்கும்போது புரொஃபைலுக்கு மானிட்டர் முறையின் பெயரையே வையுங்கள்.

எச்டிஆர் ஆன் ஆனதும் டெஸ்க்டாப் வெளிறிப்போகிறது என்ற புகாருக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எஸ்டிஆர் உள்ளடக்கத்துக்கான வெளிச்ச ஸ்லைடர். வெளி மானிட்டர்களில் அது 0 என்றால் 80 நிட், 100 என்றால் 480 நிட். ஒவ்வொரு புள்ளிக்கும் 4 நிட். 200 நிட் வேண்டுமென்றால் 30-இல் வைக்க வேண்டும். இன்னொன்று, எச்டிஆர் முறையில் எஸ்டிஆர் படங்களுக்கு விண்டோஸ் எஸ்ஆர்ஜிபி என்ற ஒளி வளைவைப் பயன்படுத்துகிறது. பெரும்பாலான மானிட்டர்கள் பின்பற்றுவது காமா 2.2 என்ற வேறொரு வளைவு. நிழல் பகுதியில் எஸ்ஆர்ஜிபி வளைவு அதைவிடச் சற்று வெளிச்சம் கூடியது. டெஸ்க்டாப் கறுப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிவது அதனால்தான். எச்டிஆர் கேமுக்குள் போனதும் இது பொருட்டல்ல.

கேமுக்குள்

முதலில் உச்ச ஒளி. கேம் நேரடியாக நிட் எண் கேட்டால், விண்டோஸில் செயலி காட்டிய எண்ணைக் கொடுங்கள். கன்சோலில் எண் தெரியாவிட்டால் டிவியின் உச்ச நிட்டைக் கொடுங்கள், ஹெச்ஜிஐஜி இல்லாத டிவியில் முன்பு சொன்னபடி 1,000-இல் தொடங்குங்கள். சின்னம் மறையும்வரை நகர்த்தச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். கணினியில் செயலி காட்டிய எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். எந்த அலகும் இல்லாமல் 0 முதல் 100 வரை ஸ்லைடர் கொடுக்கும் கேம்கள்தான் தொல்லை. அங்கே கண்ணைத்தான் நம்ப வேண்டும், அந்தச் சோதனையைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது பேப்பர் ஒயிட். கேமுக்கு கேம் பெயர் மாறும், சிலவற்றில் வெறும் பிரைட்னஸ் என்றே இருக்கும். ஒரு வெள்ளைத் தாள் சாதாரண வெளிச்சத்தில் எவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஒளிபரப்புத் துறைக்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வழிகாட்டியான பிடி.2408 இதற்கு 203 நிட் என்ற எண்ணைச் சொல்கிறது. இருட்டறையில் 150 முதல் 200, விளக்கெரியும் அறையில் 250 வரை போதும்.

எச்டிஆரின் உயிர் இருக்கும் இடம் இந்த ஸ்லைடர்தான், உச்ச ஒளியைவிட இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். படம் மங்கல் என்று தோன்றியதும் பேப்பர் ஒயிட்டை 400-க்கு ஏற்றுவார்கள். கணக்கைப் பாருங்கள். உச்சம் 800, பேப்பர் ஒயிட் 200 என்றால் சாதாரண வெள்ளைக்கும் சூரியனுக்கும் இடையே நான்கு மடங்கு இடைவெளி. கேமரா மொழியில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). பேப்பர் ஒயிட்டை 400 ஆக்கினால் அது இரண்டு மடங்காகச் சுருங்குகிறது, ஒரே ஸ்டாப். சுவர் பளிச்சென்று ஆகும், விளக்கு சாதாரணமாகிவிடும். இத்தனை செலவழித்து வாங்கிய திரை, வெளிச்சம் கூடிய எஸ்டிஆர் திரையாக மாறிவிடுகிறது. ஓலெட்டில் இன்னொரு கேடும் சேரும். திரை முழுக்க வெளிச்சமானதும் ஏபிஎல் குறுக்கிட்டு, கேமராவைத் திருப்பும்போதெல்லாம் படம் ஏறி இறங்கும். உச்சம் 400 மட்டுமே உள்ள திரையில் பேப்பர் ஒயிட்டை 150-க்குப் பக்கத்தில் வைத்து, அறையை இருட்டாக்கிக்கொள்வதே நல்லது.

ஆயுள் கம்பியும் வரைபடமும் திரையில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பவை. அவற்றுக்குத் தனி ஸ்லைடர் இருந்தால் பேப்பர் ஒயிட்டுக்குச் சற்றுக் கீழே வையுங்கள், கண்ணுக்கும் இதம், ஓலெட்டுக்கும் பாதுகாப்பு. பிளாக் பாயின்ட் ஸ்லைடரைத் தேவையில்லாமல் தொடாதீர்கள்.

டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற தரச்சான்று முத்திரை மட்டும் உள்ள, லோக்கல் டிம்மிங் இல்லாத எல்சிடி மானிட்டருக்கு இதெல்லாம் பொருந்தாது. அதில் பின்விளக்கு மொத்தமாக ஏறும், கறுப்பும் கூடவே ஏறும். அப்படிப்பட்ட மானிட்டரில் எஸ்டிஆரிலேயே விளையாடுங்கள், படம் நன்றாக இருக்கும்.

டிவியின் படமுறை, டோன் மேப்பிங், எச்டிஎம்ஐ போர்ட் ஆகியவற்றில் எது மாறினாலும் கன்சோல் கேலிப்ரேஷனை மறுபடி செய்யுங்கள். பல டிவிகள் இவற்றை ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்கின்றன. கேபிளை வேறு போர்ட்டில் மாட்டியதும் எல்லாம் தொடக்க நிலைக்குப் போயிருக்கும்.

இனி அந்தக் கண் சோதனை. திறந்த வெளியில், மேகத்துக்குப் பின்னால் சூரியன் பாதி மறைந்திருக்கும் இடத்தில் கேமை நிறுத்துங்கள். உச்ச ஒளி ஸ்லைடரைக் கடைசிவரை ஏற்றுங்கள். சூரியனும் அதைச் சுற்றியுள்ள மேகத்தின் ஓரமும் ஒன்றாகக் கலந்து வெள்ளையாகும். இப்போது மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் சூரியனின் வட்டம் தனியாகப் பிரியும், அதையொட்டி மேக ஓரத்தில் மஞ்சள் இழையும். அதற்கும் கீழே இறக்கினால் வட்டம் தெளிவாகவே இருக்கும், ஆனால் ஒளி சாம்பல் தட்டத் தொடங்கும். வட்டம் பிரிந்த அந்த முதல் இடத்திலேயே விட்டுவிட்டு, மெனுவை மூடுங்கள்.